ஆள் இல்லாத பெட்டி

ஏர்போர்ட்டில் செக்யூரிட்டி வேலை என்று சொன்னால் அம்பத்தூரில் எனக்கு வரும் முதல் கேள்வி, "துப்பாக்கி குடுத்திருக்காங்களா?" இல்லை என்றதும் கேட்டவர் முகம் வாடிவிடும். அடுத்த கேள்வி, "அப்போ தீவிரவாதி வந்தா என்ன பண்ணுவே?"

தீவிரவாதி துப்பாக்கியோடுதான் வருவான் என்பது சினிமா சொல்லிக்கொடுத்தது. துப்பாக்கியோடு வருபவர்களும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. அவர்களைச் சமாளிப்பது மத்திய தொழில் பாதுகாப்புப் படையின் பொறுப்பு. சி.ஐ.எஸ்.எஃப். என்று எல்லோருக்கும் தெரிந்த அந்தக் காக்கி. நான் விமான நிறுவனத்தின் பாதுகாப்புப் பிரிவில் இருப்பவள். என் கையில் ஒரு ஸ்கேனரும் ஒரு பட்டியலும் இருக்கும். இந்தப் பயணி விமானத்தில் உட்கார்ந்தாரா, அவருடைய பெட்டி கீழே ஏறிவிட்டதா என்று பார்ப்போம். பெட்டி ஏறி ஆள் ஏறவில்லை என்றால் விமானம் நகராது. கேட்பதற்குக் குமாஸ்தா வேலை மாதிரி இருக்கும். இந்த வேலை எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ள மீனம்பாக்கத்தில் 1984இல் நடந்ததைச் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் அந்தத் துப்பாக்கிக் கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் யாரும் மேலே படிக்க மாட்டீர்கள்.

துப்பாக்கியோடு வந்து நடத்திய விமான நிலையத் தாக்குதல்களில் நமக்கு மிக அருகில் நடந்த பெரியது கொழும்பை அடுத்த கட்டுநாயக்காவில். 2001 ஜூலை 24, விடிவதற்கு முன் மூன்றரை மணி வாக்கில், விடுதலைப் புலிகளின் கரும்புலிகள் 14 பேர் அங்கிருக்கும் விமானப்படைத் தளத்துக்குள் நுழைந்தார்கள். தளமும் பயணிகள் விமான நிலையமும் ஒரே ஓடுபாதையைப் பங்கு போட்டுக்கொள்பவை. முதலில் தளத்தில் நின்ற போர் விமானங்கள், பயிற்சி விமானங்கள், ஹெலிகாப்டர்கள். பிறகு ஓடுபாதையைத் தாண்டிப் போய், பயணிகள் பக்கம் நின்ற ஏர்பஸ் விமானங்கள். விடிந்த பிறகும் சண்டை ஓயவில்லை. தாக்கியவர்கள் அத்தனை பேரும் செத்தார்கள், படையினர் ஏழு பேர் இறந்தார்கள். அழிந்ததும் சேதமானதுமாக 26 விமானங்கள். ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸிடம் அப்போது இருந்ததே ஒரு டஜன் விமானங்கள்தான். அதில் மூன்று அடியோடு போயின, வேறு சில அடிபட்டு நின்றன. பயணிகள் யாரும் சாகவில்லை. ஆனால் அந்த நாட்டுக்கு வரும் கப்பலுக்கும் விமானத்துக்கும் போர் அபாயக் காப்பீட்டுக் கட்டணம் எகிறியது, சுற்றுலாப் பயணிகள் வருவது நின்றது, அந்த ஆண்டு இலங்கையின் பொருளாதாரமே சுருங்கியது. ஓர் இரவு வேலைக்கு ஒரு நாடு முழுக்க விலை கொடுத்தது.

இந்த மாதிரித் தாக்குதலில் முக்கியம் வேலி. சென்னை விமான நிலையத்தின் வேலி எங்கே போகிறது என்று பார்த்தால் வயிற்றைக் கலக்கும். ஒரு பக்கம் பல்லாவரம், ஒரு பக்கம் பொழிச்சலூர், இன்னொரு பக்கம் கொளப்பாக்கம், மணப்பாக்கம். இரண்டாவது ஓடுபாதை அடையாற்றின் மேல் பாலம் போட்டு நீட்டப்பட்டிருக்கிறது. பூந்தமல்லி ரோட்டிலிருந்து உள்ளே கெருகம்பாக்கம் பக்கம் போனால், மொட்டை மாடியில் துணி காயப்போடுபவர்களின் தலைக்கு மேலேயே விமானம் இறங்கும். இவ்வளவு ஊருக்கு நடுவில் இருக்கும் நிலையத்துக்குச் சுற்றுச்சுவரும் கேமராவும் காவல் கோபுரமும் ரோந்து ஜீப்பும் எவ்வளவு முக்கியம் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

சுவரைத் தாண்டி யாராவது வந்துவிட்டால் முதலில் ஓடி வருவது சி.ஐ.எஸ்.எஃப்.பின் அதிவிரைவுக் குழு. பிறகு மாநகரக் காவல். பிறகு, தேவைப்பட்டால், கறுப்புப் பூனைகள் என்று நாம் சொல்லும் தேசியப் பாதுகாப்புப் படை. 2008இல் மும்பைத் தாக்குதலின்போது அந்தப் படை டெல்லிப் பக்கத்திலிருந்து வந்து சேர எத்தனை மணி நேரமானது என்று நாடே டி.வி.யில் பார்த்துக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு 2009இல் நான்கு நகரங்களில் அவர்களுக்கு மையம் வைத்தார்கள். சென்னை மையம் வண்டலூர்ப் பக்கம் நெடுங்குன்றத்தில்.

சி.ஐ.எஸ்.எஃப். விமான நிலையங்களுக்கு வந்ததே ஓர் அடிக்குப் பிறகுதான். அதுவரை அந்தந்த மாநிலப் போலீஸ்தான் நின்றது. 1999 டிசம்பர் 24 அன்று காட்மாண்டுவிலிருந்து கிளம்பிய இந்தியன் ஏர்லைன்ஸ் விமானத்தைக் கந்தகாருக்குக் கடத்திப் போனார்கள். நடுவில் அமிர்தசரஸில் அது இறங்கி நின்றது, அங்கேயே மடக்கியிருக்கலாம், கோட்டை விட்டார்கள். 2000 பிப்ரவரியில் ஜெய்ப்பூரில் தொடங்கி ஒவ்வொரு விமான நிலையமாக சி.ஐ.எஸ்.எஃப். கைக்குப் போனது. நான் வேலைக்குச் சேர்ந்ததும் ஏறக்குறைய அந்தச் சமயத்தில்தான். எங்கள் பகுதிக்குக் காக்கி புதிதல்ல, ஆவடியில் சி.ஆர்.பி.எஃப். முகாம் இருக்கிறது, விமானப்படை நிலையம் இருக்கிறது, டாங்கித் தொழிற்சாலை இருக்கிறது. சி.ஐ.எஸ்.எஃப்.பின் பயிற்சி மையமும் அரக்கோணம் பக்கம் தக்கோலத்தில் இருக்கிறது. 949ஆம் ஆண்டுப் போரில் சோழ இளவரசன் ராஜாதித்தன் யானை மேலேயே உயிரை விட்ட அதே தக்கோலம். மையத்துக்கு இப்போது அவன் பெயரையே வைத்திருக்கிறார்கள். தோற்ற போர்தான், பரவாயில்லை, நல்ல பெயர்.

துப்பாக்கிக் கதை இவ்வளவுதான். இனி மீனம்பாக்கம்.

1984 ஆகஸ்ட் 2, வியாழக்கிழமை இரவு. நான் அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். அப்பா டி.ஐ. சைக்கிள்ஸ் தொழிலாளி. அதற்கு முந்தைய ஆண்டு ஜூலையில் கொழும்பில் தமிழர்களை வெட்டியும் எரித்தும் கொன்ற சேதி வந்தபோது, அம்பத்தூர் எஸ்டேட்டில் கேட்டுக்குக் கேட் உண்டியல் வைத்தார்கள். அப்பாவும் போட்டார். ஈழத்து இளைஞர்கள் சென்னையில் வீடு எடுத்துத் தங்கியிருந்த காலம் அது. பல இயக்கங்கள், பல பெயர்கள். யார் எந்த இயக்கம் என்று யாருக்கும் கவலையில்லை, எல்லோரும் "நம்ம பசங்க".

அந்தப் பெயர்களில் ஒன்று தமிழ் ஈழ இராணுவம். பனாகொடை மகேஸ்வரன் என்பவருடைய சிறிய இயக்கம். அவர்கள் போட்ட திட்டம் சென்னைக்கானதல்ல. வெடிகுண்டு வைத்த இரண்டு சூட்கேஸ்களைக் கொழும்பு போகும் ஏர் லங்கா விமானத்தில் ஏற்றிவிட வேண்டும். அவை கட்டுநாயக்காவில் வெடிக்க வேண்டும். பெட்டிகளைப் பயணியாக வந்த ஒருவர் செக்-இன் செய்தார். செய்துவிட்டு விமானத்தில் ஏறாமல் போய்விட்டார். ஆள் வராததால் பெட்டிகளும் போகவில்லை. கடிகாரம் ஓடிக்கொண்டிருக்க, அவை இரண்டும் மீனம்பாக்கத்திலேயே தங்கிவிட்டன.

திட்டம் தப்பியது தெரிந்ததும் தொலைபேசி வந்தது. அந்தப் பெட்டிகளில் குண்டு இருக்கிறது, அப்புறப்படுத்துங்கள், ஆட்களை வெளியேற்றுங்கள் என்று. நம்பவில்லை. ஏன் நம்பவில்லை என்பதை அந்தக் காலத்தில் இருந்து யோசித்தால்தான் புரியும். எண்பதுகளில் மீனம்பாக்கத்தில் ஒரு பெட்டி என்றால் அதிகாரிகள் மனசில் வந்தது குண்டு அல்ல, தங்கம். சுங்கச் சோதனை இல்லாமல் பெட்டியை வெளியே கொண்டுபோக யாரோ போடும் நாடகம் என்று நினைத்துவிட்டார்கள். கடத்தல்காரர்கள் அப்படியெல்லாம் செய்யக்கூடியவர்கள்தான். அதனால் பெட்டிகள் இருந்த இடத்திலேயே இருந்தன. சுற்றிப் பயணிகள் இருந்தார்கள்.

இரவு பதினொரு மணிக்குச் சற்று முன் வெடித்தது. கட்டடம் இடிந்து ஆட்கள் மேல் விழுந்தது. 33 பேர் இறந்தார்கள். பலர் இலங்கைக்காரர்கள், நம் ஊர்க்காரர்களும் உண்டு. திரிசூலம் பக்கம் இன்றிருக்கும் முனையங்கள் அப்போது இல்லை. பழைய மீனம்பாக்கம் கட்டடம். அப்பா மறுநாள் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசாமல் இருந்தது எனக்கு நினைவிருக்கிறது. உண்டியலில் போட்ட காசைப் பற்றி அவர் அப்புறம் ஒருபோதும் பேசியதில்லை. இயக்கத்தைச் சேர்ந்தவர்கள் பிடிபட்டார்கள், வழக்கு நடந்தது, தண்டனையும் வந்தது. ஆனால் அந்தச் சம்பவத்தை நாம் மறந்த வேகம் எனக்கு இன்னும் ஆச்சரியம்தான். எங்களிடம் புதிதாகச் சேரும் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு, அவர்கள் தினமும் அட்டை தேய்த்து உள்ளே போகும் அதே விமான நிலையத்தில் 33 பேர் செத்தார்கள் என்பது தெரியாது.

இந்தச் சம்பவத்தைப் பற்றிப் பேசுபவர்கள் எல்லோரும் அந்தத் தொலைபேசியைத்தான் பிடித்துக்கொள்வார்கள். நான் பெட்டியைப் பிடித்துக்கொள்வேன். ஆள் வரவில்லை, பெட்டி போகவில்லை. அதுவரை நடந்தது சரி. விமானம் தப்பியது. ஆனால் நிறுத்திய பெட்டியை ஜனங்களுக்கு நடுவில் வைத்திருந்தார்கள். உரியவர் இல்லாத பெட்டி என்றால் தொலைந்த பொருள், யாராவது தேடி வருவார்கள் என்பது அன்றைய எண்ணம். இன்று எங்களுக்குப் பயிற்சியில் முதல் நாளே சொல்லிக்கொடுப்பது, அது குண்டு இல்லை என்று தெரியும்வரை குண்டுதான் என்று.

உலகம் இதைக் கற்றுக்கொள்ள மீனம்பாக்கம் போதவில்லை. அடுத்த ஆண்டு, 1985 ஜூன் 23, ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானம் அட்லாண்டிக் கடலுக்கு மேல் வெடித்துச் சிதறியது. 329 பேர். வான்கூவரில் ஒருவர், ஏர் இந்தியாவில் அவருடைய சீட்டே உறுதியாகாத நிலையில், பெட்டியை மட்டும் அந்த விமானத்துக்குப் போகும்படி டேக் போடச் சொல்லி அடம்பிடித்தார். பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது. கவுன்ட்டரில் இருந்த பெண் கடைசியில் போட்டுக்கொடுத்துவிட்டார். டொராண்டோவில் எக்ஸ்-ரே எந்திரம் அன்று பழுது. பெட்டி போனது, ஆள் போகவில்லை. அதே நாளில் இதே வகையில் அனுப்பிய இன்னொரு பெட்டி ஜப்பானின் நரிட்டாவில் வெடித்து, சாமான் ஏற்றி இறக்கும் தொழிலாளர்கள் இரண்டு பேரைக் கொன்றது. 1986 மே 3 அன்று கட்டுநாயக்காவில் நின்ற ஏர் லங்கா டிரைஸ்டார் விமானத்தில் குண்டு வெடித்து 21 பேர் இறந்தார்கள். மாலத்தீவுக்குப் புறப்படுவதில் தாமதமாகியிருந்தது. நேரத்துக்குக் கிளம்பியிருந்தால் வானத்தில் வெடித்திருக்கும். 1988 டிசம்பரில் ஸ்காட்லாந்தின் லாக்கர்பியில் 270 பேர். அங்கும் ஆள் இல்லாத பெட்டிதான்.

கனிஷ்காவுக்குப் பிறகுதான் பன்னாட்டு விதிகள் இறுகின. பயணி ஏறாவிட்டால் பெட்டியும் போகக்கூடாது என்பது சர்வதேச விமானங்களுக்குக் கட்டாயமானது. நம் நாட்டில் சிவில் விமானப் பாதுகாப்புப் பணியகம், நாங்கள் பி-காஸ் என்று சொல்வது, 1978இல் ஒரு சிறு பிரிவாகத் தொடங்கியது. 1987 ஏப்ரலில் தனித் துறையானது. எங்கள் தலையெழுத்தை எழுதும் சுற்றறிக்கைகள் எல்லாம் அங்கிருந்துதான் வரும்.

கொஞ்சம் வயதானவர்களுக்கு நினைவிருக்கும்: முன்பெல்லாம் விமானத்தில் ஏறும் முன், வெயிலில் தரையில் பெட்டிகளை வரிசையாக வைத்திருப்பார்கள். ஒவ்வொருவரும் போய்த் தன் பெட்டியைத் தொட்டுக் காட்ட வேண்டும். தொட்டது ஏறும், தொடாதது அங்கேயே நிற்கும். இன்று அந்த விரலுக்குப் பதிலாக டேக். உங்கள் பெட்டியின் கைப்பிடியில் ஒட்டும் நீள ஸ்டிக்கரில் பத்து இலக்க எண் ஒன்று இருக்கும். நடுவில் மூன்று இலக்கம் விமான நிறுவனத்தின் குறியீடு, கடைசி ஆறு உங்கள் பெட்டிக்கே உரியது. வண்டியில் ஏற்றும்போது அதை ஸ்கேன் செய்வோம். நீங்கள் கேட்டில் போர்டிங் பாஸைக் காட்டும்போது அது ஸ்கேன் ஆகும். இரண்டும் ஒன்றோடொன்று சேர வேண்டும்.

புத்திசாலிப் பயணி ஒருவர் என்னிடம் மடக்கினார். "மேடம், போன தடவை என் பெட்டி ரெண்டு நாள் கழிச்சுத் தனியா வந்துச்சே, அப்போ ஆள் எங்கே?" நியாயமான கேள்வி. நிறுவனத்தின் தவறால் பின்தங்கிய பெட்டி ஆள் இல்லாமல் வரலாம். அதற்கு ரஷ் டேக் என்று தனி டேக். ஆனால் மறுபடி சோதனை போடாமல் அது ஏறாது. வேண்டுமென்றே விட்டுப் போனவனின் பெட்டியும் நாங்கள் விட்டுவிட்ட பெட்டியும் எந்திரத்துக்கு ஒன்றுதான்.

எந்திரம் என்றதும் எங்கள் திரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எக்ஸ்-ரே படம் கறுப்பு வெள்ளையாக இருக்காது. உலோகம் நீலம். உணவு, துணி, சோப்பு, தாள் எல்லாம் ஆரஞ்சு. இடைப்பட்டவை பச்சை. வெடிமருந்தும் ஆரஞ்சில்தான் விழும் என்பதுதான் சிக்கல். தமிழ்நாட்டுப் பெட்டியைத் திறந்தால் முக்கால்வாசி ஆரஞ்சு: இட்லிப் பொடி, அல்வா, முறுக்கு, புளிக்காய்ச்சல், அம்மா இறுக்கிக் கட்டிய சத்துமாவு. அடர்த்தியையும் வடிவத்தையும் பக்கத்தில் வயர், பேட்டரி ஏதாவது போகிறதா என்பதையும் பார்த்துப் பிரிக்க வேண்டும். அதனால் ஒருவர் தொடர்ந்து இருபது நிமிஷத்துக்கு மேல் திரை முன்னால் உட்காரக்கூடாது. கண் பார்க்கும், மூளை பார்க்காது. நாங்கள் தூங்குகிறோமா என்று சோதிக்க எந்திரமே நடுநடுவே ஒரு பொய்க் குண்டின் படத்தை உங்கள் பெட்டிக்குள் செருகிக் காட்டும். நாங்கள் பட்டனை அழுத்த வேண்டும். அழுத்தாவிட்டால் கணக்கில் ஏறும்.

சந்தேகம் வந்தால் ஒரு துண்டுத் துணியால் பெட்டியைத் துடைத்து இன்னொரு எந்திரத்தில் வைப்போம். வெடிமருந்தின் துகள் இருந்தால் கத்தும். கிளிசரின் கலந்த கிரீம் தடவிய கைக்கும் சில நேரம் கத்தும், வயலில் உரம் போட்டுவிட்டு வந்த கைக்கும் கத்தும். திருவள்ளூர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் மகளைப் பார்க்கக் கிளம்பியபோது அப்படித்தான் ஆனது. "யூரியாம்மா, நேத்துதான் வீசினேன்" என்று கையை விரித்துக் காட்டினார். மறுபடி சோதித்து அனுப்பினோம். கொப்பரைத் தேங்காய், அதன் எண்ணெய்ப் பசையால் எளிதில் தீப்பிடிக்கும் என்று பெட்டியில் அனுமதி இல்லை. ஐயப்ப பக்தர்களின் இருமுடித் தேங்காய்க்கு மட்டும் 2024 அக்டோபரில் தொடங்கி மகரவிளக்கு முடியும்வரை கைப்பையில் கொண்டுபோகச் சிறப்பு அனுமதி தந்தார்கள். சரணம் சொல்லிக்கொண்டே சோதனை வரிசையில் நின்ற கூட்டத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

நம் ஊரில் முனையத்தின் வாசலிலேயே டிக்கெட்டும் அடையாள அட்டையும் கேட்பதை வெளிநாட்டில் இருந்து வருபவர்கள் கிண்டல் செய்வார்கள். அங்கெல்லாம் யாரும் உள்ளே போகலாம், காபி குடிக்கலாம். 2016 மார்ச் 22 அன்று பிரஸ்ஸல்ஸ் விமான நிலையத்தில் தற்கொலைக் குண்டுதாரிகள் டிராலியில் பைகளைத் தள்ளிக்கொண்டு செக்-இன் கூடத்துக்குள் சாதாரணமாக நடந்து போய் வெடித்தார்கள். மூன்றே மாதத்தில் இஸ்தான்புல். அதற்குப் பிறகு கிண்டல் கொஞ்சம் குறைந்திருக்கிறது. ஆனால் நம் முறையும் முழுதாகச் சரி என்று நான் நினைக்கவில்லை. உள்ளே கூட்டத்தைக் குறைக்க வாசலில் நிறுத்துகிறோம். வாசலில் கூட்டம் சேர்ந்துவிடுகிறது. வளைகுடாவுக்குப் போகும் ஒருவரை வழியனுப்ப ஒரு வேன் நிறைய வருவார்கள். வரிசை வேகமாக நகர்வதும் பாதுகாப்பில் சேர்த்திதான் என்பது என் கருத்து. மேலிடம் அதை ஏற்றுக்கொள்கிறதா என்பது வேறு விஷயம்.

இப்போது தொலைபேசிக்கு வருகிறேன். மீனம்பாக்கத்தில் நம்பாத மிரட்டலின் கடனை நாம் இன்றும் அடைத்துக்கொண்டிருக்கிறோம். வரும் ஒவ்வொரு மிரட்டலுக்கும் ஒரு குழு கூடும். விமான நிலைய அதிகாரி, சி.ஐ.எஸ்.எஃப்., போலீஸ், விமான நிறுவனம் எல்லோரும் அதில் உண்டு. எந்த விமானம், எந்த இடம், எந்த நேரம் என்று குறிப்பாக இருக்கிறதா, மொட்டையாக இருக்கிறதா என்று எடைபோடுவார்கள். குறிப்பாக இருந்தால் விமானம் ஒதுக்குப்புறமான தனி நிறுத்தத்துக்குப் போகும், ஆட்கள் இறங்குவார்கள், மோப்ப நாயும் வெடிகுண்டு நிபுணர்களும் ஏறுவார்கள். 2024இல் நவம்பர் நடுப்பகுதிக்குள் நாடு முழுவதும் விமான நிறுவனங்களுக்கு வந்த பொய் மிரட்டல்கள் மட்டும் ஆயிரத்தை நெருங்கின. பலவும் எங்கோ உட்கார்ந்து போட்ட சமூக வலைதளப் பதிவுகள். அந்த டிசம்பரில் விதிகளைத் திருத்தி, 1 கோடி ரூபாய் வரை அபராதம் என்று வைத்தார்கள். எல்லாம் பொய் என்று தெரிந்தும் ஏன் இத்தனை ஆர்ப்பாட்டம் என்று கேட்பவர்களுக்கு என்னிடம் ஒரே பதில்: அன்று வந்த போன் பொய் இல்லை.

பெரும்பாலான நாட்களில் என் வேலை இவ்வளவு பெரிதாக இருக்காது. போன மாதம் ஓர் இரவு துபாய் விமானம். எல்லோரும் ஏறியாயிற்று, ஒருவரைக் காணோம். மைக்கில் பெயரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துவிட்டது. அவருடைய பெட்டி விமானத்தின் வயிற்றில், நூற்றுக்கும் மேற்பட்ட பெட்டிகளுக்கு நடுவில். கேப்டனிடம் சொன்னோம். லோடர் பிள்ளைகள் உள்ளே குனிந்தபடி டேக் எண்ணைப் பார்த்துப் பார்த்து இழுத்தார்கள். உள்ளே பயணிகள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஒருவர் விமானப் பணிப்பெண்ணிடம் சத்தம் போட்டார். இருபது நிமிஷம் ஆனது. பெட்டி இறங்கியதும் அதைக் கூடத்துக்குள் கொண்டுபோகாமல் நேராக மறு சோதனைக்கு அனுப்பினோம். விமானம் நகர்ந்தது.

அப்புறம் வந்தார், கையில் டியூட்டி ஃப்ரீ பையோடு, ஓடியதில் சட்டை எல்லாம் வேர்த்து. பூந்தமல்லிக்காரர். "அஞ்சு நிமிஷம் லேட்டுக்கா, அதுக்குப் போய்ப் பெட்டியை இறக்கிட்டீங்களே! உள்ளே என்ன, குண்டா இருக்கு?"

"அந்த வார்த்தையை மட்டும் இங்கே சொல்லாதீங்க தம்பி. கேஸ் ஆயிடும். பெட்டி ஸ்கேன் முடிஞ்சு வரட்டும், கையெழுத்துப் போட்டு வாங்கிட்டுப் போங்க. டிக்கெட் மாத்தறதுக்குக் கவுன்ட்டர் அந்தப் பக்கம்" என்றேன்.